கண்ணில் பூ விழுந்த காவல் நாய்... ஸ்டெம் செல் சிகிச்சை கைகொடுக்குமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல், இலுப்பூர், குளத்தூர், திருமயம் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் ஆட்டுப்பட்டி இருக்கும் இடத்தில் ஒரு நாயும் இருக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பெயர் சொல்லும் சாதி நாயாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தெருவில் பிறந்து பட்டியில் வளர்ந்த நாட்டு நாய்தான். கம்பி வேலிக்கும் கேமராவுக்கும் செலவழிக்க முடியாத குடும்பத்துக்கு ராத்திரி காவல் அதுதான். நரி வந்தாலும் அது குரைத்தால்தான் தெரியும், ஆடு திருட ஆள் வந்தாலும் அது குரைத்தால்தான் தெரியும்.

அந்த நாய் ஒருநாள் காலையில் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வந்து நிற்கும். கண்ணோரம் நீர் வழிந்து மயிர் நனைந்திருக்கும். ராத்திரி சீமைக்கருவேலப் புதருக்குள் புகுந்து வந்திருக்கலாம், வைக்கோல் சுணையோ ஊசிப்புல்லோ குத்தியிருக்கலாம், பூனை பிறாண்டியிருக்கலாம். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தும்பைப்பூச் சாறு பிழியச் சொல்வார் ஒருவர். வெற்றிலையை மென்று துப்பச் சொல்வார் இன்னொருவர். நாலாம் நாள், கண் ஆபரேஷன் செய்த பாட்டியின் சொட்டு மருந்து அலமாரியில் மிச்சம் இருப்பது யாருக்காவது ஞாபகம் வரும். பத்தாம் நாள் கருவிழியின் நடுவில் வெள்ளைப் படலம். 'பூ விழுந்துடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அதே வீட்டில் படிக்கிற பிள்ளை செல்போனில் தேடிப் பார்த்தால் வேறொரு உலகம் தெரிகிறது. வெளிநாட்டில் ஆறாத கண் புண்ணுக்கு நாய்க்கு ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள், கண் தெளிந்துவிடுகிறது என்று காட்டுகிறார்கள். அது உண்மையா, நமக்குக் கிடைக்குமா, அதற்கு முன்னால் நம் ஊரிலேயே செய்துகொள்ளக் கூடியது என்ன?

அரை மில்லிமீட்டர் கண்ணாடி

கருவிழி என்பது கண்ணுக்கு முன்னால் பதித்த கண்ணாடி மாதிரி. நாய்க்கு அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. ரத்தக் குழாய் ஓடினால் கண்ணாடி எப்படித் தெளிவாக இருக்கும்? ரத்தம் நேராக வராததால், காயம் பட்டால் அதற்கு வேண்டிய ஊட்டம் கண்ணீர் வழியாகவும் கண்ணுக்குள் இருக்கும் நீர் வழியாகவும்தான் வர வேண்டும்.

மேலே மெல்லிய தோல், அதற்குக் கீழே தடித்த நடுப்பகுதி, அடியில் சவ்வு. மேல்தோல் மட்டும் உரிந்தால் அது சாதாரணப் புண். ஓரத்திலிருந்து புதுச் செல்கள் நகர்ந்து வந்து, ஒரு வாரத்துக்குள் மூடிவிடும். நடுப்பகுதி வரை குழி விழுந்தால் ஆபத்து. அடிச்சவ்வு வரை போய்விட்டால், நாய் ஒரு தும்மல் போட்டாலோ பின்னங்காலால் கண்ணைச் சொறிந்தாலோ கண் ஓட்டை விழுந்துவிடும்.

மேல்தோலுக்குப் புதுச் செல்களை அனுப்பும் இடம் எது? கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் வட்ட ஓரம். வாழையை நினைத்துக்கொண்டால் சுலபம். மேலே எத்தனை இலை கிழிந்தாலும், கட்டைக்குள் குருத்து உயிரோடு இருந்தால் புது இலை வரும். கண்ணின் அந்த ஓரத்தில் இருப்பவைதான் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள். சுண்ணாம்போ அமிலமோ பட்டு அந்த ஓரமே வெந்துபோனால் கருவிழிக்குப் புதுத்தோல் வராது. வெள்ளை விழியின் தோல் ரத்தக் குழாய்களோடு ஊர்ந்து வந்து கருவிழியை மூடிவிடும்.

மனிதக் கண்ணில் தொடங்கிய கதை

இந்தக் குருத்தணுக்களை எடுத்து வளர்த்து மறுபடி கண்ணில் நடலாம் என்பதை 1997-ல் இத்தாலியில் மனிதர்களுக்குச் செய்து காட்டினார்கள். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து துளியூண்டு திசுவை எடுத்து, ஆய்வகத்தில் தாளாக வளர்த்து, வெந்துபோன கண்ணில் ஒட்டினார்கள்.

இதில் இந்தியாவின் பங்கு சின்னதல்ல. ஹைதராபாத்தில் உள்ள எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில், டாக்டர் வீரேந்தர் சங்வானும் அவரது குழுவினரும் இப்படி வளர்த்து நட்ட 200 கண்களின் பத்தாண்டுக் கணக்கை 2011-ல் வெளியிட்டார்கள். அதில் 71 சதவிகிதம் வெற்றி. ஆய்வகத்தில் வளர்ப்பதற்குப் பெரும் செலவு ஆகும் என்பதால், அடுத்த ஆண்டே அதே குழுவினர் இன்னும் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து அரிசி அளவுகூட இல்லாத துண்டை எடுத்து, எட்டு பத்துத் துணுக்குகளாக நறுக்கி, பனிக்குடச் சவ்வின் மேல் நாற்று நடுவதுபோல் பரப்பி ஒட்டிவிடுவது. ஆய்வகம் வேண்டாம், கண்ணே ஆய்வகம். நாற்றங்காலில் விட்டு வளர்க்காமல் நேரடியாக வயலில் நட்டது மாதிரிதான்.

அந்தப் பனிக்குடச் சவ்வைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிரசவத்தில் குழந்தையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு அது. எரிச்சலை அடக்கி, புதுத்தோல் படர்வதற்குப் பந்தல்போல் உதவும் குணம் அதற்கு உண்டு. மாடு கன்று போட்டதும் நாம் குழி தோண்டிப் புதைக்கும் நஞ்சுக்கொடியோடு வரும் சவ்வும் அதே வகைதான். கால்நடை மருத்துவத்தில் அதைச் சுத்தப்படுத்திப் பதப்படுத்தி, நாயின் கண் புண்ணுக்குத் தைத்து மூடப் பயன்படுத்துகிறார்கள்.

நாய்க்குப் போடும் ஸ்டெம் செல் வேறு

இங்கேதான் ஒரு குழப்பம். ஹைதராபாத்தில் நடப்பது கண் ஓரத்துக் குருத்தணுவை நடுவது. நாய்களுக்கு இப்போது முயன்று பார்ப்பது பெரும்பாலும் கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுக்கும் வேறு வகை ஸ்டெம் செல். அந்த நாயின் கொழுப்பிலிருந்தே எடுக்கலாம், ஆரோக்கியமான வேறு நாயிடமிருந்தும் எடுக்கலாம். ஆய்வகத்தில் பெருக்கி, கண்ணின் வெள்ளைத் தோலுக்கு அடியில் ஊசியாகவோ, சொட்டாகவோ கொடுக்கிறார்கள்.

அந்தச் செல்கள் போய்ப் புதுக் கருவிழியாக முளைத்துவிடும் என்று நினைப்பது தவறு. அவை செய்யும் வேலை கொத்தனார் வேலையைவிட மேஸ்திரி வேலைக்குப் பக்கத்தில் வரும். எரிச்சலைத் தணிக்கும் பொருள்களையும், பக்கத்தில் இருக்கும் செல்களை வளரத் தூண்டும் பொருள்களையும் சுரந்து, கண்ணின் சொந்தச் செல்களை வேலை வாங்குகின்றன.

கண்ணீர் சுரக்காமல் கண் வறண்டு, மற்ற மருந்துகளுக்குக் கேட்காத 12 நாய்களுக்கு, ஸ்பெயினில் கண்ணீர்ச் சுரப்பிகளைச் சுற்றி இப்படிக் கொழுப்பு ஸ்டெம் செல் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 24 கண்கள். ஒன்பது மாதம் கவனித்ததில் கண்ணீரும் கூடியது, கண்ணின் நிலையும் தேறியது என்று 2015-ல் எழுதினார்கள். பிரேசிலில் ஆறாத கருவிழிப் புண்களுக்கே கொடுத்துப் பார்த்து, பெரும்பாலான கண்கள் ஆறியதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம்பிக்கை தரும் செய்திகள்தான். ஆனால், சில டஜன் நாய்களைப் பார்த்து ஊர் முழுக்கச் சிபாரிசு செய்ய முடியாது. ஒரு விதை நெல்லை ஒரு வயலில் ஒரு பட்டம் போட்டுப் பார்த்துவிட்டு மாவட்டம் முழுக்கப் போடச் சொல்வார்களா? அந்த நிலையில்தான் இது இருக்கிறது. இந்தியாவில் நாய்களுக்கு ஸ்டெம் செல் முயற்சிகள் ஆராய்ச்சி நிலையங்களில் நடக்கின்றன. தாலுகா கால்நடை மருத்துவமனையில் கேட்டு வாங்கும் சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை.

யாராவது பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்றால், செல் எந்த நாயிடமிருந்து வருகிறது, எந்த ஆய்வகத்தில் வளர்த்தது, புண் ஏன் ஆறவில்லை என்று கண்டுபிடித்தாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தை ஆட்டுத் தீவனத்துக்குச் செலவழிக்கலாம்.

ஏன் ஆறவில்லை?

ஒரு வாரத்தில் ஆற வேண்டிய புண் மூன்று வாரமாக ஆறவில்லை என்றால், ஏதோ ஒன்று அதை ஆறவிடாமல் தடுக்கிறது. அதை எடுக்காமல் எந்த மருந்தும் நிற்காது.

இமைக்குள் ஊசிப்புல் ஒளிந்திருக்கலாம். மூக்கோரம் இருக்கும் மூன்றாவது இமைக்குப் பின்னால் அது போய்ப் படுத்துக்கொண்டால் வெளியே தெரியவே தெரியாது. கண்ணை மரக்கச் செய்யும் சொட்டுப் போட்டு, அந்த இமையைத் தூக்கிப் பார்த்தால்தான் அகப்படும். இமை உள்பக்கம் மடிந்து மயிர் உரசிக்கொண்டே இருக்கலாம். கண்ணீர் குறைந்திருக்கலாம். சின்னக் காகிதப் பட்டையை இமைக்குள் ஒரு நிமிடம் வைத்து அளப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்லது, 10-க்குக் கீழே என்றால் கண் வறட்சி. தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு வரும் டிஸ்டம்பர் நோயிலும் கண்ணீர் வற்றும். நகரத்துப் பழக்கமாக நம் ஊர்களுக்கும் வந்துவிட்ட பக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூஞ்சி நாய்களுக்குக் கண் பிதுங்கி நிற்பதால், தூங்கும்போதுகூட இமை முழுக்க மூடாது. அவற்றுக்குப் புண் வருவதும் அதிகம், ஆழமாவதும் சீக்கிரம்.

இது எதுவுமே இல்லாமல், கிருமியும் இல்லாமல், வயதான நாய்க்கு மட்டும் வரும் ஒரு வகைப் புண் உண்டு. முதலில் பாக்ஸர் வகை நாய்களில் அதிகம் கவனித்ததால் பாக்ஸர் புண் என்றும் சொல்வார்கள்; எந்த நாய்க்கும் வரலாம். இதில் புதுத்தோல் வராமல் இல்லை, வருகிறது, ஆனால் ஒட்டுவதில்லை. சரியாகச் சுரண்டாத பழைய சுவரில் சுண்ணாம்பு அடித்தால் உரிந்து உரிந்து வருமே, அதே கதை. புண்ணின் ஓரத்தில் தோல் தொளதொளவென்று தொங்கும். மாதக்கணக்கில் ஆறாமல் இழுக்கும் புண் இதுதான். ஸ்டெம் செல் பேச்சு அடிபடும் இடங்களில் இதுவும் ஒன்று.

இதற்கான முதல் சிகிச்சை சுவரைச் சுரண்டுவதுதான். கண்ணை மரக்கச் செய்துவிட்டு, காய்ந்த பஞ்சுக் குச்சியால் ஒட்டாத தோலை எல்லாம் மருத்துவர் துடைத்து எடுப்பார். ஏறக்குறையப் பாதி நாய்களுக்கு இதிலேயே ஆறிவிடும். ஆறாவிட்டால் ஊசி முனையால் கட்டம் கட்டமாக மேலாகக் கீறிவிடுவார்கள், அல்லது வைரத்தூள் பதித்த சின்னச் சுழல் கருவியால் தேய்ப்பார்கள். ஐந்துக்கு நான்கு நாய்கள் அளவில் இதில் தேறுகின்றன. உழுத மண்ணில் வேர் பிடிப்பதுபோல், கீறிய இடத்தில் தோல் பிடித்துக்கொள்கிறது. கிருமி இருக்கும் புண்ணுக்கும் ஆழமான புண்ணுக்கும் இதைச் செய்யவே கூடாது. பூனைக்கும் கூடாது.

கிருமி தாக்கிப் புண் கூழ்போல் கரையத் தொடங்கினால், நாயின் சொந்த ரத்தமே மருந்தாகிறது. ரத்தம் எடுத்து, மேலே தெளியும் மஞ்சள் நீரை, அதாவது சீரத்தை, சுத்தமாகப் பிரித்து சொட்டு மருந்தாகக் கொடுப்பார்கள். கருவிழியைக் கரைக்கும் நொதிகளை அது கட்டிப்போடும். ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு தரம் விட வேண்டியிருக்கும். குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கெட்டுப்போகும் பொருள் என்பதால் மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஸ்டெம் செல்லுக்கு ஆய்வகம் வேண்டும். இதற்கு ரத்தம் சுற்றும் இயந்திரமும் பொறுமையான வீட்டாரும் போதும்.

பச்சைச் சாயமும் பாட்டியின் சொட்டு மருந்தும்

கண் மருந்து எதுவானாலும், அதற்கு முன் நடக்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டையை நனைத்துக் கண்ணில் தொட்டு, கழுவிவிட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். புண் இருக்கும் இடம் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். சுற்றிலும் பச்சை, நடுக்குழியில் மட்டும் பச்சை பிடிக்கவில்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது. அடிச்சவ்வு வரை போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இந்தச் சாயம் பார்க்காமல் சொட்டு மருந்து போடுவதில்தான் பல கண்கள் போகின்றன. கண் ஆபரேஷன் செய்த பெரியவர்களுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பும் எரிச்சலும் ஒரே நாளில் குறையும். வீட்டில் நிம்மதி. உள்ளே புண் ஆறுவது நின்று, கிருமி பெருகி, கருவிழி கரையும். பாட்டில் மேல் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும், புண் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. ஆன்டிபயாடிக்கோடு இவை கலந்தும் வரும் என்பதால், எழுத்துக் கூட்டியாவது லேபிள் முழுக்கப் படிக்க வேண்டும்.

பச்சிலைச் சாறும் அப்படித்தான். நந்தியாவட்டையும் தும்பையும் நல்ல மூலிகைகளாகவே இருக்கட்டும். அம்மியில் அரைத்து அழுக்குத் துணியில் பிழிந்த சாறு, திறந்த புண்ணுக்குள் மண்ணையும் பூஞ்சையையும் கொண்டுபோகிறது. மென்று துப்புவது வாயில் உள்ள கிருமியை நேராகக் கண்ணில் இறக்குவது. கள்ளிப்பால், எருக்கம்பால் தெறித்தால் தாமதிக்காமல் சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவ வேண்டும். எருக்கம்பால் பட்ட கண்ணில் முதலில் அவ்வளவாக வலி தெரியாது. அது ஏமாற்று. உள்படலம் பாதித்துப் பார்வை மங்குவது பிறகுதான் தெரியும்.

வலி தாங்கவில்லையே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமால், டைக்ளோபினாக், புரூபன் மாத்திரையை நாய்க்குக் கொடுப்பதும் வேண்டாம். கண்ணுக்குப் போய் ஈரலும் சிறுநீரகமும் கெட்ட கதையாகிவிடும்.

நாயைப் பற்றிப் பேசும்போது நாயை வளர்ப்பவரின் கண்ணையும் சேர்த்தே பேச வேண்டும். பக்கத்து மதுரை மாவட்டத்தில், ஓராண்டில் ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1996-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்கக் கணக்கைவிட இது பத்து மடங்கு. 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பார்த்ததில், 65 சதவிகிதம் பேருக்குக் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பூஞ்சை. அறுப்பும் தூற்றலும் நடக்கும் தை, மாசி, பங்குனி மாதங்கள் அவை என்பது விவசாயிக்குச் சொல்லாமலே தெரியும். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு சொட்டு விழுந்தால் மனிதக் கண்ணுக்கும் அதே கதிதான்.

எங்கே போவது, எப்போது போவது?

கண்ணை இடுக்கினால் அன்றே அல்லது மறுநாள். வெள்ளையாகத் தெரியும் வரை காத்திருப்பது அதிகம். கருவிழி குழியாகத் தெரிந்தாலோ, கூழ்போல் கொழகொழத்தாலோ, கண்ணிலிருந்து திடீரென்று நீர் கொட்டினாலோ, வண்டியை உடனே எடுக்க வேண்டும். கருவிழிக்குள் சிவப்பாகக் கொடி ஓடுவதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். புண்ணை ஆற்ற உடம்பு புது ரத்தக் குழாயை அனுப்புகிறது. அது வந்து சேரச் சில நாள் ஆகும் என்பதால், புண் பழையது என்பதற்கும் அதுவே சாட்சி.

முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகம். சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. ஊருக்கு வரும் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண். அதற்கு மேல் தேவைப்பட்டால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2012-ல் தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கந்தர்வகோட்டை, கறம்பக்குடி பக்கத்து ஊர்களுக்கு அது அதிக தூரமில்லை. 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரி வரை எல்லோராலும் நாயைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. போகும்போது, இதுவரை கண்ணில் விட்ட எல்லா மருந்துப் பாட்டிலையும், பச்சிலையாக இருந்தால் அதன் பெயரையும், கூச்சப்படாமல் கொண்டுபோக வேண்டும். மருத்துவர் திட்டுவார் என்று மறைத்தால் சிகிச்சை தவறிப்போகும்.

வீட்டில் செய்ய வேண்டியதில் பெரிய விஷயம் கழுத்துக் கூம்பு. கடையில் வாங்கலாம், பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றித் தைத்தும் போடலாம். மூக்கைத் தாண்டி நான்கு விரல் நீண்டிருக்க வேண்டும். முதல் நாள் நாய் சுவரில் முட்டும், சாப்பிட முரண்டு பிடிக்கும். பாவம் என்று கழற்றினால், பத்து நாள் வைத்தியத்தைப் பின்னங்கால் ஒரே சொறியில் பறித்துவிடும். இரண்டு சொட்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். பாட்டிலின் முனை கண்ணில் படக் கூடாது.

நாய் கண்ணைத் திறந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவதும் வழக்கம். மறுபடி சாயம் போட்டுப் பார்த்து, எங்கும் பச்சை பிடிக்காத நாளில்தான் கூம்பைக் கழற்ற வேண்டும். ஆழமான புண் ஆறிய இடத்தில் மங்கலான தழும்பு நிற்கும். அது நோயல்ல, அதற்கு மருந்தும் வேண்டாம். அதுவரை நாயைப் பட்டிக்கு அருகில் நிழலில் கட்டி வைத்தால் போதும். கூம்பு மாட்டியிருந்தாலும் நன்றாகவே குரைக்கும்.